ஸ்பேஸ்பார் யார் கையில? பால்டர்ஸ் கேட்டை திரும்ப ஆட எந்த வழி நல்லது

மாசி மகத்துக்கு அண்ணன் ஊருக்கு வரான். சிங்கப்பூர்ல இருந்து ஒம்பது நாள் லீவு, அதுல ரெண்டு நாள் மாமனார் வீடு, ஒரு நாள் தேவனாம்பட்டினத்துல தீர்த்தவாரி, மிச்ச ராத்திரி எல்லாம் எங்களுது. போன மாசம் போன்ல பெரியம்மாவோட முட்டி வலி பத்தி பேசிட்டிருந்தவன் திடீர்னு "டேய், பால்டர்ஸ் கேட் ஆடலாமா, இந்த தடவையாவது முடிச்சிடலாம்"னான். நானும் யோசிக்காம சரின்னுட்டேன். போனை வெச்சப்புறம் தேடிப் பாத்தா தான் தெரியுது, இன்னைக்கு தேதிக்கு அந்த ஒரு கேமை ஆட நாலஞ்சு வழி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோஷ்டி இருக்கு, அடுத்த கோஷ்டிக்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ரெண்டு பக்கமும் சத்தியம் பண்றாங்க. அன்னைல இருந்து அதைத்தான் ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்துட்டிருக்கேன், வீட்ல கேட்டா ஆபீஸ் வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1998 டிசம்பர்ல வந்த கேம் இது, பண்ணது பயோவேர்ங்கற கனடா கம்பெனி, அதை ஆரம்பிச்சவங்க வைத்தியம் படிச்ச டாக்டருங்க, ஊசி போடறத விட்டுட்டு கேம் பண்ண வந்துட்டாங்க. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேப்பர்லயும் தாயக்கட்டை மாதிரி பகடையிலயும் ஆடற ஒரு ஆட்டம் இருக்கு, அதோட ரெண்டாவது எடிஷன் ரூல்ஸை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள போட்டது தான் இது. நீங்க ஒரு ஆளை உருவாக்குவீங்க, வழியில சேர்றவங்களோட மொத்தம் ஆறு பேர் கூட்டமா போவீங்க, இரும்பு தட்டுப்பாடு வந்த ஊர்ல கத்தி எல்லாம் சண்டை நடுவுல பட்டுனு ஒடையும், யாரு இரும்பைக் கெடுக்கறாங்கன்னு கண்டுபிடிக்கப் போய் உங்க சொந்த ஜாதகமே வெளிய வரும். சண்டை அது பாட்டுக்கு ஓடும், ஆனா ஸ்பேஸ்பாரை அமுக்கினா எல்லாம் அப்படியே நிக்கும், நிதானமா யார் யாரை அடிக்கணும்னு சொல்லிட்டு மறுபடி அமுக்கினா ஓடும்.

அந்த ஸ்பேஸ்பார் தான் இந்தக் கதையே.

2001 கோடை லீவு, நான் எட்டாவது முடிச்சிருந்தேன், அண்ணன், அதாவது பெரியம்மா பையன், பதினொண்ணாவது. மஞ்சக்குப்பத்துல பெரியம்மா வீட்டு மாடியில சிமெண்ட் ஷீட் போட்ட ரூம், உச்சி வெயில்ல உள்ள போனா இட்லிப் பானைக்குள்ள போன மாதிரி இருக்கும். படிப்புக்குன்னு வாங்கின செலரான் மெஷின், 64 எம்பி ராம், 15 இன்ச் டப்பா மானிட்டர். மெட்ராஸ் போன யாரோ வாங்கிட்டு வந்த அஞ்சு சிடி, மார்க்கர் பேனாவால ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் மட்டும் எழுதின காப்பி சிடி, ஆமா திருட்டு சிடி தான், அன்னைக்கு கடலூர்ல ஒரிஜினல் டப்பாவை கண்ணால பாத்தவன் யாரு. ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு முக்காலி. சேர் அண்ணனுக்கு, மவுஸ் அண்ணனுக்கு. முக்காலி எனக்கு, ஸ்பேஸ்பாரும் எனக்கு. "நிறுத்து"ன்னா நான் அமுக்கணும், "விடு"ன்னா அமுக்கணும். மொத ரெண்டு நாள் அவன் சொல்லி அமுக்கினேன், ஒரு வாரத்துல அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அமுக்க ஆரம்பிச்சேன், ஏன்னா மந்திரவாதி கையை ஆட்டி ஏதோ முணுமுணுக்க ஆரம்பிச்சா அடுத்த ரெண்டு செகண்டுல நம்மாளு ஒருத்தன் பிணம்னு எனக்கும் புரிஞ்சிருந்துச்சு.

அதைப் புரிய வெச்சது ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன். ஆடின எல்லாருக்கும் இந்த இடம் ஞாபகம் இருக்கும். வளத்த அப்பா கோரியன் செத்துட்டாரு, கூட இமோயென்னு ஒரு பொண்ணு மட்டும், ராவெல்லாம் நடந்து சத்திரத்துக்கு வந்து சேர்றோம், மதில் இருக்கு காவல் இருக்கு, அப்பாடான்னு படியேறப் போனா படிக்கட்டுலயே டார்னேஷ்னு ஒருத்தன் மரியாதையா பேர் கேக்கறான். நாம வெகுளியா பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் உடம்பைச் சுத்தி அவனை மாதிரியே நாலஞ்சு பிம்பம், அடுத்தது பயமுறுத்தற மந்திரம், நம்மாளுங்க தலை தெறிக்க ஓடறாங்க, அடுத்தது மேஜிக் மிசைல், கதை முடிஞ்சுது. அண்ணன் மந்திரவாதி கேரக்டர் எடுத்திருந்தான், முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர் நாலு பாயிண்ட் தான், பூனை பிராண்டினாலே போயிடுவான். பதினோரு தடவை செத்தோம். நான் நோட்டுல கோடு போட்டு எண்ணி வெச்சேன், அதனால கணக்கு சரியா தெரியும்.

சரி, இனி வழிகளுக்கு வரேன். நான் எதை வெச்சு அளக்கறேன்னு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும்: கிராஃபிக்ஸ், விலை எல்லாம் அப்புறம், ரெண்டு பேர் ஒரே திரை முன்னாடி உக்காந்து ஒருத்தன் மவுஸும் ஒருத்தன் ஸ்பேஸ்பாருமா ஆட முடியுமா, அதுவும் ஆறேழு ராத்திரிக்குள்ள பாதிக் கதையாவது தாண்ட முடியுமா, அது தான் எனக்கு முக்கியம். உங்களுக்கு அளவுகோல் வேறன்னா என் முடிவை தலைகீழா கூட எடுத்துக்கலாம்.

முதல் ஆசை எல்லாருக்கும் வர்றது தான், பழைய மெஷின்லயே பழைய சிடியைப் போட்டு அப்படியே ஆடணும். எங்க மெஷின் இல்ல. 2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் கரையேறினப்போ அந்த மாடி ரூம் ஷீட்டு பறந்து எதிர் வீட்டு முருங்கை மரத்துல விழுந்துச்சு, கேபினெட்டு, மானிட்டர், அதுக்குள்ள க்ளோக்வுட் காட்டு சுரங்கத்து வாசல்ல அண்ணன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறதுக்கு முந்தின நாள் சேவ் பண்ணி வெச்ச எங்க ஆட்டம், எல்லாம் மழையில ஊறிப் போச்சு. ஊரே கரண்ட் இல்லாம கெடந்தப்போ அதுக்கா அழ முடியும், பெரியப்பா பரண்ல இருந்து சிடி பவுச்சை மட்டும் எடுத்து குடுத்தாரு. அது இன்னும் எங்கிட்ட இருக்கு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா மூணாவது சிடியில பூஞ்சை கோலம் போட்டிருக்கு, நாலாவதுல எப்பவோ விழுந்த கீறல், கடலோர ஊர் காத்துக்கு இவ்ளோ நாள் தாங்கினதே பெருசு.

ஆனாலும் ஆசை விடல. புதுச்சேரி சண்டே மார்க்கெட்ல காந்தி வீதி முழுக்க ரெண்டு ஞாயித்துக்கிழமை அலைஞ்சேன், பழைய சட்டை, ஸ்பேனர், செருப்பு, புஸ்தகத்துக்கு நடுவுல ஒருத்தர்கிட்ட பென்டியம் 4 கேபினெட் கெடைச்சுது, 1,800 சொன்னாரு, 1,100க்கு முடிச்சேன். வீட்டுக்கு வந்து தொறந்து பாத்தா மதர்போர்டுல கெப்பாசிட்டர் நாலு வடை மாதிரி உப்பியிருக்கு. சால்டரிங் தெரிஞ்ச ஒருத்தர் மாத்திக் குடுத்தாரு, ஸீமாஸ் பேட்டரி புதுசு போட்டேன், ஃபேன் சுத்துச்சு, ஸ்க்ரீன்ல எழுத்து வந்துச்சு, அந்த ஒரு நிமிஷம் சத்தியமா கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் சிடி டிரைவ் படிக்கல. வேற டிரைவ் போட்டா ரெண்டாவது சிடி வரைக்கும் படிச்சுட்டு மூணாவதுல கர்ர்ர்னு இழுத்துட்டே நின்னுச்சு. அந்த கர்ர்ர் சத்தம் மட்டும் 2001ல கேட்ட அதே சத்தம், அதுல கொறையே இல்ல.

இந்த வழி யாருக்குன்னா, மெஷினை சரி பண்றதே பொழுதுபோக்கா வெச்சிருக்கறவங்களுக்கு. டப்பா மானிட்டர்ல 640க்கு 480 படம் உக்கார்ற அழகு புது எல்ஈடி திரையில வரவே வராது, கோடெல்லாம் லேசா கரைஞ்சு ஓவியம் மாதிரி இருக்கும், இதுல அவங்க சொல்றது நூத்துக்கு நூறு நிஜம். ஆனா ஆறு ராத்திரி தான் இருக்கு, அதுல மூணு ராத்திரி ஸ்க்ரூ டிரைவரோட போகும்னா எனக்கு வேணாம். கேபினெட் இப்ப வராண்டாவுல இருக்கு, பூனை அதும் மேல தூங்குது.

ரெண்டாவது வழி, பழைய கேமையே புது லேப்டாப்ல மோட், அதாவது ரசிகருங்க பண்ணின மாத்தங்களை, போட்டு ஆடறது. ஜிஓஜிங்கற ஆன்லைன் கடையில புதுப் பதிப்பை (அது தான் மூணாவது வழி, கீழ வரும்) வாங்கினா பழைய ஒரிஜினலும் எனக்கு கூடவே வந்துச்சு, அதனால சிடி தேவையில்ல, காப்பி பாவமும் இல்ல. சும்மா இன்ஸ்டால் பண்ணி ஓட்டினா 640க்கு 480ங்கறதால லேப்டாப் திரையில ஊதிப் போன பூரி மாதிரி தெரியும். அதுக்கு ஒய்டுஸ்க்ரீன் மோட் இருக்கு, போட்டா ஊரே தெரியுது, ஆனா எழுத்து எறும்பு சைஸ் ஆயிடுது, நாப்பதை நெருங்கற கண்ணுக்கு அது ஒத்து வராது. இதை விட பெரிய வேலை ஒண்ணு இருக்கு, முதல் பாகத்தோட கதையை ரெண்டாம் பாகத்தோட இஞ்சின்ல ஏத்தி ஆடறது, டுட்டூன்னு ஒரு மோட், பிஜிடின்னு இன்னொண்ணு, பிஜிடியில ரெண்டு பாகமும் ஒரே ஆட்டமா தொடர்ச்சியா போகும். அந்த இஞ்சின்ல நம்மாளுங்களுக்கு நடக்க வழி கண்டுபிடிக்கற புத்தி கொஞ்சம் தேவலாம். ஒரிஜினல்ல ஆறு பேரையும் குகைக்குள்ள கூட்டிட்டுப் போனா நம்ம டவுன் பஸ்ல முன் வாசல்ல ஏறினவன் பின் வாசலுக்கு போற மாதிரி தான், ஒருத்தன் முட்டி நிப்பான், பின்னால வர்றவன் ஊரைச் சுத்தி வேற பக்கமா போய் எதிரி வாயில விழுவான்.

அப்புறம் என்பிசி ப்ராஜெக்ட்னு ரசிகருங்களே சேந்து எழுதின மோட் ஒண்ணு. முதல் பாகத்துல கூட வர்றவங்க அதிகம் பேச மாட்டாங்க, சேரும்போது நாலு வரி, சண்டையில நாலு கத்தல், அவ்ளோ தான். இந்த மோட் அவங்களுக்குள்ள வம்பு, காதல், சண்டைன்னு நெறைய பேச்சு சேக்குது. நல்லாவே எழுதியிருக்காங்க. ஆனா எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல், அந்த ஆளுங்க பேசாததால தானே நாங்க பேச வெச்சோம். காலித்னு ஒருத்தன் திக்கித் திக்கி பேசுவான், சண்டைன்னா அவனுக்கு தைரியம் போய் ஓடுவான், அவன் பொண்டாட்டி ஜஹேரா அதட்டிட்டே இருப்பா, நாங்க அவங்களை எங்க தெரு வாத்தியார் தம்பதி பேர் வெச்சே கூப்பிடுவோம். மின்ஸ்க்னு ஒரு மொட்டை பயில்வான், அவன் பையில பூன்னு ஒரு குட்டி எலி, ஹாம்ஸ்டர், கண்ணைக் குத்து பூன்னு அதுகிட்ட கத்திட்டு தான் சண்டைக்கே போவான். பெரியம்மா கீழ இருந்து "யாருடா பூ பூன்னு கத்தறது, கொல்லையில தான் பூத்திருக்கே போய் பறிங்கடா"ன்னு குரல் குடுத்தாங்க. அன்னைல இருந்து மின்ஸ்க் எங்க வீட்ல பூக்காரன்.

மோட் வழியில என்னை கவுத்தது வரிசை. எதை முன்னாடி போடணும் எதை பின்னாடி போடணும்னு ஒரு முறை இருக்கு, வைடுன்னு ஒரு இன்ஸ்டாலர் தான் எல்லாத்துக்கும் அடிப்படை, அது கறுப்பு ஜன்னல்ல கேள்வி கேட்டுட்டே போகும், ஒரு இடத்துல தப்பா பதில் சொன்னா கடைசியில தான் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்து சாயங்காலம் நாலு மணிக்கு கேம் தொறந்தா கறுப்பு ஸ்க்ரீன், பின்னால பாட்டு மட்டும் கம்பீரமா ஓடுது. தப்பு என்னுது தான். பொறுமை இருக்கறவங்க, ஏற்கனவே ரெண்டு மூணு தடவை ஆடி முடிச்சவங்க, இந்த வழியில போனா அவங்களுக்கு கெடைக்கற மாதிரி முழு ஆட்டம் வேற எதுலயும் கெடைக்காது, இதை மனசார சொல்றேன். முதல் தடவை முடிக்கவே முடியாத ரெண்டு பேருக்கு இது ஓவர்.

மூணாவது, என்ஹான்ஸ்டு எடிஷன். 2012 நவம்பர்ல பீம்டாக்னு இன்னொரு கனடா டீம் பழசை எடுத்து தூசி தட்டி விட்டது. வாங்கறோம், இறக்கறோம், ஓடுது, அவ்ளோ தான், பழைய ஆபீஸ் லேப்டாப்பே தாராளமா தாங்கும். மவுஸ் சக்கரத்தை உருட்டினா படம் பெருசாகுது சின்னதாகுது, எழுத்து சைஸை ஏத்திக்கலாம், செத்தவன் பையில கெடக்கற பொருளை ஒவ்வொருத்தரா குனிஞ்சு பொறுக்காம கிட்ட இருக்கறது எல்லாத்தையும் ஒரே பட்டையில காட்டுது. 1999ல வந்த டேல்ஸ் ஆஃப் தி ஸ்வோர்டு கோஸ்ட்ங்கற கூடுதல் பாகமும் உள்ளயே இருக்கு, அதனால டர்லாக் கோபுரம் உண்டு, அனுபவப் புள்ளி உச்சவரம்பு பழைய 89,000க்கு பதிலா 161,000. ரெண்டாம் பாகத்துல வந்த புது வகை கேரக்டருங்களையும் முதல் பாகத்துலயே எடுத்துக்கலாம்.

கொறை சொல்லணும்னா இருக்கு. நீரா, ரசாத், டார்ன்னு மூணு புது ஆளுங்களை சேத்திருக்காங்க, பெரகோஸ்ட் ஊருக்குள்ள நிம்மதியா கடைக்குப் போகலாம்னா நீரா வந்து குறுக்க நிக்கறா, வளவளன்னு பேசறா, பழைய ஆளுங்க நாலு வரி பேசற ஊர்ல இவங்க மட்டும் நாப்பது வரி பேசினா கல்யாண வீட்ல புது சம்பந்தி மாதிரி தனியா தெரியறாங்க. வேணாம்னு சொல்லி அனுப்பிடலாம், அது ஒரு நிம்மதி. எனக்கு உண்மையா வலிச்சது வீடியோ. ஒரிஜினல்ல ஆரம்பத்துல ராத்திரி, மொட்டை மாடி, முள்ளு வெச்ச கவசம் போட்ட ஒருத்தன் ஒரு ஆளை தொரத்தி வந்து கழுத்தைப் பிடிச்சு தூக்குவான், அந்தக் காலத்து 3டி பொம்மை தான், ஆனா அந்த சாரெவோக்கைப் பாத்து நான் அன்னைக்கு ராத்திரி கீழ ஹால்ல பெரியம்மா பக்கத்துல படுத்தேன். புதுசுல அதை எடுத்துட்டு கையால வரைஞ்ச படம் நகர்ற மாதிரி பண்ணிட்டாங்க. நல்லா தான் வரைஞ்சிருக்காங்க. பயம் வரல.

இன்னொண்ணு, சுலபம். இதுல ஸ்டோரி மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா நம்மாளு சாகவே மாட்டான். அக்கா பையன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு "மாமா அதை ஆன் பண்ணிடுங்க, ஜாலியா போகலாம்"னான். அவன் சொல்றதுல தப்பே இல்ல, கதை மட்டும் வேணும்னா அது நல்ல வசதி. ஆனா டார்னேஷ் கையால பதினோரு தடவை செத்தவனுக்கு அதை ஆன் பண்ண கை வரல. தாக்கோன்னா என்னன்னு அவனுக்கு சொல்லிக் குடுத்தேன், எதிரியை அடிக்க பகடையில எவ்ளோ விழணும்ங்கற கணக்கு, கொறைய கொறைய நல்லது, கவசத்தோட நம்பரும் அப்படித்தான், வெறும் உடம்புக்கு 10, அங்கெக்ங்கற பூச்சியோட ஓட்டுல செஞ்ச கவசத்துக்கு 1. அவன் முழிச்சான். ரேங்க் மாதிரிடா, ஒண்ணாவது ரேங்க் தானே பெருசுன்னேன், உடனே புரிஞ்சுடுச்சு. எங்களுக்கு 2001ல அதைப் புரிஞ்சுக்க ரெண்டு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் நம்பர் பெருசா இருக்கற கவசமாப் பாத்து மாட்டி விட்டுட்டு ஏன் எல்லாரும் நம்மளையே அடிக்கறாங்கன்னு கவலைப்பட்டுட்டிருந்தோம்.

அங்கெக்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். வயலுக்கு அடியில இருந்து தரையைப் பிளந்துட்டு வர்ற ராட்சசப் பூச்சி அது, அமிலம் துப்பும். அதோட மேல் ஓட்டைக் கொண்டு போய் பெரகோஸ்ட் கொல்லர் டேரோம்கிட்ட குடுத்தா 4,000 பொன் வாங்கிட்டு பத்து நாள்ல கவசம் செஞ்சு தருவாரு. அந்த 4,000 சேக்க நாங்க ஊர் ஊரா சுத்தி பொறுக்காத பொருள் இல்ல. கடைசியா ஓடு எடுக்க போனப்போ நட்ட நடு சண்டையில மஞ்சக்குப்பத்துல கரண்ட் போச்சு. யூபிஎஸ் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது, பத்து நிமிஷம் தாங்கும்னு சொல்லி வித்த சாமான் அது, நாலு நிமிஷம் தாண்டாதுன்னு எங்களுக்கு தெரியும். அண்ணன் "க்யூ க்யூ"ன்னு கத்தறான், க்யூ அமுக்கினா க்விக் சேவ். அமுக்கறேன், சேவ் ஆகல, எதிரி பக்கத்துல இருந்தா இந்த கேம் சேவ் பண்ண விடாது. அப்ப ஓடணும், ஓடினா அது துப்பும், நிறுத்திட்டு யோசிக்கலாம்னா யூபிஎஸ் நிக்காதே. ஸ்பேஸ்பார்ல கை வெச்சுட்டு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அமுக்காம விட்டேன். மின்ஸ்க் ஓங்கி ஒரு வெட்டு, பூச்சி விழுந்துச்சு, க்யூ அமுக்கினேன், சேவ் ஆச்சுன்னு எழுத்து வந்துச்சு, மானிட்டர் அணைஞ்சுது. இருட்டுல ரெண்டு பேரும் கத்தின கத்துல பெரியப்பா டார்ச்சோட மேல ஓடி வந்துட்டாரு.

நாலாவது, போன்ல, டேப்ல ஆடறது. என்ஹான்ஸ்டு எடிஷனே தான், ஐபேடுக்கு 2012லயே வந்துடுச்சு, ஆண்ட்ராய்டுக்கு 2014ல. நான் தினமும் புதுச்சேரியில இருந்து கடலூருக்கு பஸ்ல போறவன், ஜன்னல் சீட்டு கெடைச்சா ஒரு மணி நேரம் சும்மா தானே, வாங்கிப் பாத்தேன். தவளக்குப்பம் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல பஸ் குதிச்சுது, கேம்ல யார் வீட்டுக்குள்ளயோ சும்மா நின்னுட்டிருந்தவன் விரல் போய் அவங்க பெட்டி மேல பட்டுச்சு, திருடன் திருடன்னு காவலாளுங்க வந்து மொத்த கூட்டத்தையும் வெட்டிட்டாங்க. போன் திரை இதுக்கு பத்தாது. சத்திரத்து வளாகத்துல ஒரு மரத்தடியில மந்திர மோதிரம் ஒளிச்சு வெச்சிருப்பாங்க, மந்திரவாதிக்கு முதல் லெவல் மந்திரத்தை ரெட்டிப்பாக்கற மோதிரம், தெரிஞ்சவனே மவுஸை வெச்சு துழாவணும், அதை கட்டை விரல்ல தேடறது வைக்கோல் போர்ல ஊசி தான். பெரிய டேப் இருந்து, தனியா, படுத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஆடறவங்களுக்கு இது சொகம். எங்களுக்கு? ஒரு டேப்பை ரெண்டு பேர் எப்படி பிடிக்கறது, நிறுத்தறதுக்கு திரை மேல ஒரு பட்டன் வெச்சிருக்காங்க, அதுல நான் விரல் வெச்சா அண்ணன் முழங்கை என் மூக்குல இருக்கும்.

இன்டர்நெட்ல அவன் அங்கயும் நான் இங்கயும் சேந்து ஆடற வசதியும் இருக்கு, ஆறு பேர் வரைக்கும் ஆடலாம், அது 1998லயே நெட்வொர்க்ல இருந்த விஷயம் தான். ஒரு ராத்திரி முயற்சி பண்ணோம். இங்க பத்து மணின்னா அங்க பன்னெண்டரை. ஆட்டம் ஆரம்பிக்கற கேண்டில்கீப்ல எலி அடிக்கற முதல் வேலையிலயே அண்ணன் பக்கம் அசைவு இல்ல, ஹெட்போன்ல கொறட்டை சத்தம் வந்துச்சு. அவனோட கேரக்டர் தானியக் கிடங்குல நின்னுட்டே இருந்தான்.

பால்டர்ஸ் கேட் 3 ஆடுங்களேன்னு சொல்றவங்க நெறைய பேர், அக்கா பையன் உள்பட. 2023 ஆகஸ்ட்ல வந்தது, பெல்ஜியம் லாரியன் பண்ணது, பிரமாதமான கேம், திரையை ரெண்டா பிரிச்சு பக்கத்துல உக்காந்தே ரெண்டு பேர் ஆடலாம். 150 ஜிபி இடம் கேக்குது, எங்க பழசு மொத்தமே அஞ்சு சிடி. என் லேப்டாப் அதைத் தாங்காதுங்கறது ஒரு பக்கம், அது முறை வெச்சு ஆடற சண்டை, உங்க முறை வர்ற வரைக்கும் தானாவே நிக்கும். அப்ப எனக்கு என்ன வேலை?

ரெண்டாம் பாகத்துக்கு நேரா போகலாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு, அதையும் சொல்லிடறேன். 2000 செப்டம்பர்ல வந்த ஷேடோஸ் ஆஃப் ஆம்ன், கேமா பாத்தா அது தான் ஒசத்தி, வில்லன் ஐரெனிகஸோட குரலுக்காகவே ஆடலாம், டேவிட் வார்னர் பேசினது. ஒரே ஒரு பாகத்துக்கு தான் டைம் இருக்குன்னு யாராவது கேட்டா நான் ரெண்டைத்தான் சொல்வேன். ஆனா அதுல ஆரம்பத்துலயே நம்மாளு பாதி பெரிய ஆளு, ஒத்த ஓநாய்க்கு பயந்து மரத்தைச் சுத்தி ஓடின ஆட்டம் அதுல கெடையாது. எங்களுக்கு அந்த ஓநாயும் வேணும்.

அதனால முடிவு, என்ஹான்ஸ்டு எடிஷன், லேப்டாப்ல, ஹெச்டிஎம்ஐ வயர் போட்டு ஹால் டிவியில. கேரக்டரைச் சுத்தி கறுப்பா கோடு வருதே அதை ஆப்ஷன்ல ஆஃப் பண்ணிட்டேன், ஸ்டோரி மோடு கிட்டயே போகல, நீரா வந்தா வணக்கம் சொல்லி அனுப்பிடறது. ஆரம்ப வீடியோவுக்கு மட்டும், ஒரிஜினல் தான் கூடவே வந்திருக்கே, அதைத் தனியா ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் இதைத் தொறக்கறதுன்னு ஏற்பாடு. விலை பத்தி ஒரு வார்த்தை, இதுக்கு அடிக்கடி தள்ளுபடி போடுவாங்க, அவசரமில்லாதவங்க காத்திருந்து வாங்குங்க, நான் முழு விலை குடுத்தேன், அஞ்சு காப்பி சிடி கடன் பாக்கி இருந்துச்சு.

கீபோர்டு தான் கடைசி வரைக்கும் இழுத்துச்சு. லேப்டாப் கீபோர்டுல ஸ்பேஸ்பார் அமுக்கினா சத்தமே வராது, அமுக்கினேனான்னு எனக்கே சந்தேகம். போன ஞாயித்துக்கிழமை மறுபடி காந்தி வீதி, தள்ளுவண்டி மாதிரி ஒரு கடையில மஞ்சப் பழுப்பு கலர்ல பழைய கீபோர்டு ஒரு குவியல், ஒவ்வொண்ணா எடுத்து ஸ்பேஸ்பாரை மட்டும் தட்டித் தட்டிப் பாத்தேன். கடைக்காரர் "இன்னா சார், தபேலா வாங்க வந்தியா"ன்னாரு. ஏழாவது கீபோர்டு டொக்குனு ஒரு சத்தம் போட்டுச்சு, அது தான். பழைய உருண்டை பின்னு, அதுக்கு யுஎஸ்பி கன்வெர்ட்டர் தனியா 150 ரூபா, கீபோர்டு 80. வயர் கொஞ்சம் குட்டை, டிவி பக்கத்துல முக்காலி போட்டா சரியா எட்டும்.

போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். கேரக்டர் என்ன எடுக்கப் போறே, மறுபடி மந்திரவாதி தானாண்ணா, அந்த டார்னேஷ் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். ராத்திரி பதில் வந்துச்சு: "மந்திரவாதி தான். ஆனா இந்த தடவை வாசல்ல பேசிட்டு நிக்கறதில்ல, அவன் வாயத் தொறந்தவுடனே நீ நிறுத்து, இமோயென் வில்லு, மத்ததை நான் பாத்துக்கறேன். அந்த நோட்டு இருந்தா எடுத்து வை, பன்னெண்டுல இருந்து எண்ணலாம்."